உறுதிமொழியா, சூளுரையா?

பள்ளி விழா அழைப்பிதழ்களில் 'உறுதிமொழி' இருந்த இடத்தில் இப்போது 'நாட்டுச் சூளுரை' என்று அச்சடிக்கிறார்கள். மதுரைப் பக்கம் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. தனித்தமிழ் ஆர்வமாம். சரி, உறுதிமொழி மட்டும் எந்த ஊர்ச் சொல்?

காலை வழிபாட்டில் பிள்ளைகள் சொல்லும் அந்த உறுதிமொழி இந்தியிலிருந்து வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். மூலம் தெலுங்கு. விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962இல் எழுதினார். 1964இல் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் எல்லாப் பள்ளிகளுக்கும் அதைப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜனவரி 26. அதற்கு முந்தின நாள்தான் மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்தது! மூலத்தின் பெயர் 'பிரதிக்ஞ'. ஒன்றை ஒப்பி உறுதி கூறுவது என்று பொருள். உறுதிமொழி அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

சூள் அப்படியல்ல. அதற்குத் தொட்டுச் சொல்ல ஒரு பொருளோ தெய்வமோ வேண்டும்; தவறினால் ஒரு தண்டனையும் வேண்டும். நம் பரங்குன்றத்துப் பரிபாடலையே பாருங்கள். வேறொருத்தியிடம் போய்வந்த தலைவன், வையை மணல் தொட்டேன், பரங்குன்றத்து அடி தொட்டேன் என்று சூளுறுகிறான். பொய்ச்சூள் வேண்டாம், முருகன் சும்மா விடமாட்டான் என்று தடுக்கிறார்கள். புறநானூறு 72இல் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். அது வஞ்சினம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் மேல் வஞ்சினம்? பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் மதிப்பேன் என்கிறது, அவ்வளவுதான். அது எதையும் தொடுவதில்லை. தவறினால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. பதவி ஏற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். சூளுரை முதல் வகையோடு சேரும். பள்ளிப் பிள்ளைகள் சொல்வது இரண்டாம் வகை.

'தேசிய சபதம்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே. சபதமும் சாபமும் ஒரே வேரில் பிறந்தவை என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

அப்புறம் இந்த 'எடுத்தல்'. 'மாணவர்கள் சூளுரை எடுத்துக்கொண்டனர்' என்று ஒரு நாளிதழில் படித்தேன். ஒரே வரியில் இரண்டு பிழை. சித்திரையில் தீச்சட்டி எடுப்பார்கள், பால்குடம் எடுப்பார்கள். உறுதிமொழியை ஏற்பார்கள், கூறுவார்கள், அளிப்பார்கள்.