மனந்திரும்பியாச்சு, சரி, பத்திரம் எப்போது?

லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் ஆபீசுக்கு ஒரு தனி வகைக் கட்சிக்காரர்கள் வருவார்கள். அவர்கள்மேல் யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள், அவர்களும் யார்மேலும் போட வரவில்லை. தங்கச்சி பங்கைத் தானே வைத்துக்கொண்டவர், பக்கத்து விளைக்குள் (தோட்டத்துக்குள்) வேலியைத் தள்ளிப் போட்டவர், செத்துப்போன கூட்டாளியிடம் வாங்கிய பணத்தைக் கொடுக்காமலே விட்டவர். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். கன்வென்ஷனில் ஏதோ ஒரு பிரசங்கம் தைத்திருக்கும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். "ஜெபிச்சிட்டேன் சார், பாவ அறிக்கையும் செஞ்சிட்டேன். ஆனா மனசு ஆறல."

நான் பிரசங்கியார் இல்லை, சிவில் வக்கீல். ஆனால் இந்த விஷயத்தில் வேதாகமம் பேசுவது கிட்டத்தட்ட என் தொழில் பாஷையில்தான். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிறன் பொருளை அபகரித்தவன், நம்பி ஒப்படைத்ததை இல்லை என்று சாதித்தவன், குற்றத்தை உணர்ந்தால் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். யாரிடம்? உடையவனிடம். குற்றநிவாரண பலி, ஆட்டுக்கடா, ஆசாரியன் எல்லாம் அதற்கு அப்புறம்.

யாத்திராகமம் 22இல் பிடிபட்ட திருடனுக்குக் கணக்கு வேறு. திருடிய ஆட்டை அடித்தோ விற்றோ விட்டால் ஒன்றுக்கு நாலு. ஆடு உயிரோடு கையிலிருந்தால் இரட்டிப்பு. ஆக, பிடிபட்டவனுக்குச் சுமை கனம், தானாக வந்து ஒத்துக்கொள்பவனுக்கு இலகு. லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூல்காரர் சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. ஐந்தில் ஒன்று கூட்டிக் கொடுத்திருந்தாலே மோசேயின் நியாயப்பிரமாணக் கணக்கு தீர்ந்திருக்கும். அவரோ பிடிபட்டவனுக்குரிய நாலத்தனையைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டார். அப்படிச் சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இன்றைக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் மரமேறியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது!

இது நம் சபைகளுக்குப் புதிதும் அல்ல. ஆங்கிலத் திருச்சபையின் 1662ஆம் வருஷத்து ஜெபப்புத்தகத்தில் திருவிருந்துக்கு முன் வாசிக்கும் புத்திமதி ஒன்று உண்டு. பிறருக்குச் செய்த அநியாயத்துக்கெல்லாம் உங்கள் சக்திக்கு எட்டிய மட்டும் ஈடு செய்ய ஆயத்தமாயிருந்து, அப்புறம் பந்திக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். லெந்தின் முதல் நாளுக்கென்று அதே புத்தகத்தில் இருக்கும் சாபப் பட்டியலில், அயலான் எல்லைக்கல்லை நகர்த்துகிறவனும் வருகிறான். கத்தோலிக்க மறைக்கல்வியும், திருடியதைத் திருப்பிக் கொடுப்பதைப் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு)ப் பிறகு செய்தாக வேண்டிய பரிகாரத்தில் சேர்த்தே சொல்கிறது. ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கெதோனியு என்ற அரசு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் செய்யும் மனந்திரும்புதல் வெறும் பாசாங்கு என்கிறார். (அதே கடிதத்தில் அநியாய வழக்குக்கு வாங்கிய வக்கீல் ஃபீஸைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அதை எங்கள் பார் அசோசியேஷன் போர்டில் ஒட்டலாம்.)

சரி, நடைமுறைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் மிக அதிகமாக வருவது பெண்பிள்ளைகள் பங்கு.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசமே கிடையாது. திருவிதாங்கூரில் 1916ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது: மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம்தான் அதற்கு முடிவு கட்டியது. திருநெல்வேலிச் சீமைக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை; இங்கே சட்டம் ரொம்பக் காலமாகவே பெண்பிள்ளை பக்கம்தான் இருந்தது.

"நகை போட்டோம், சீதனம் கொடுத்தோம், அவ பங்கு அதோட தீர்ந்துச்சு" என்பார்கள். தீரவில்லை. அதே சட்டத்தின் 49ஆவது பிரிவு, தகப்பன் உயிரோடு இருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கிலிருந்து கழிக்கக்கூடாது என்கிறது. அண்ணனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் கட்டிய பணத்தை யாரும் கழிப்பதில்லை அல்லவா? அதே நியாயம்தான்.

திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய முத்திரைத்தாளை எடுத்து மேஜையில் விரித்தார். தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம், தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவளிடம் எழுதி வாங்கிய விடுதலை. கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து. கோணாமல் இருக்கப் பென்சிலால் கோடு இழுத்து அதன்மேல் போட்டது. கோடு அழியாமல் அப்படியே இருந்தது. "கோடு இழுத்தது நான்தான் சார்" என்றார். அந்தத் தாளைப் பதிவு செய்யவில்லை. 1980களில் யூ.டி.ஆர் (அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) நடந்தபோது பட்டா அவர் பெயரில் மட்டும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. பதிவு செய்யாத விடுதலையால் நிலத்தில் உரிமை மாறாது. பட்டா மட்டும் உரிமைமூலம் ஆகாது. அதாவது, தங்கையின் பங்கு சட்டப்படி இன்றைக்கும் தங்கையுடையது. அண்ணன் 'கொடுக்க' வேண்டியதே இல்லை, அவள் பங்கை ஒப்புக்கொண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் போதும். பதிவான விடுதலைப் பத்திரமே இருக்கிறது என்றால் வழி வேறு. அப்போது அண்ணன் தன் பெயரில் இருப்பதைத் தான செட்டில்மென்ட்டாக எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. நிலத்தை விற்றே தீர்த்தாயிற்று என்றால் பணம்தான். எந்த விலை என்று கேட்பார்கள். அன்றைக்கு சென்ட் என்ன விலைக்குப் போனதோ அதைக் கொண்டுவந்து நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றைய விலையைக் கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் முடிந்ததைப் பாங்கு வழியாகக் கொடுத்து, மீதியை எப்போது தருவேன் என்று எழுதிக் கொடுங்கள்.

'உயிலில் எழுதி வைத்துவிடுகிறேன்' என்பவர்களுக்கு நான் பிடிகொடுப்பதில்லை. உயிலை எழுதியவர் சாகும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். செத்த பிறகோ பிள்ளைகள் கோர்ட்டில் அதை இழுப்பார்கள். உங்கள் குற்றத்தை உங்கள் மகன் ஏன் தீர்க்க வேண்டும்? 'பையன்கள் சம்மதிக்க மாட்டான்கள்' என்பது அடுத்த சாக்கு. கிறிஸ்தவத் தகப்பன் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை கிடையாது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அது அவர் சொத்து. பையன்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர்களிடம் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

கைமாற்றுக் கடன் சின்ன விஷயம்போலத் தோன்றும். புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனால் காலாவதிச் சட்டம் வழக்குப் போடும் வாசலைத்தான் அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், புதிதாக எதுவும் பெற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்த வாக்கு செல்லும். மனந்திரும்புகிறவனுக்கென்றே எழுதின மாதிரி இருக்கும்! கொடுத்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் யார் என்று கேட்டு அவர்களிடம் கொடுங்கள்.

வேலி, வரப்பு தகராறுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முறைப்படி பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்து கல் போடுங்கள். செலவு தள்ளிப் போட்டவருடையது.

இனி, கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. தங்கை பங்கை அமுக்கிக்கொண்டு, கோயில் கோபுரத்துக்கும் அசனப் பண்டிகைக்கும் (சபை விருந்துக்கும்) அள்ளிக் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகவே தீர்த்திருக்கிறது: இழந்தவனுக்கு வாங்கிக்கொள்ள உறவுமுறையானும் இல்லாமற்போனால்தான் அந்த ஈடு கர்த்தருக்கென்று ஆசாரியனுக்குப் போகும். தங்கை நாலு தெரு தள்ளி உயிரோடு இருக்கையில் பணம் காணிக்கைப் பெட்டிக்குப் போனால், அவள் பணத்தில் நீங்கள் புண்ணியம் தேடுகிறீர்கள். சேகரகுருமார்கள் (சபைப் போதகர்கள்) பெரிய தொகையை வாங்கும்போது ஒரு வார்த்தை விசாரித்தால் நல்லது.

ஐயர்மாரும் (போதகர்களும்) சபை மூப்பர்களும் கவனிக்க வேண்டிய இன்னொன்று. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. போதகரிடம் சொல்வதற்கு நம் சாட்சியச் சட்டம் அப்படி ஒரு பாதுகாப்பைத் தரவில்லை. அதைவிட முக்கியம், குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டவன் அழுது மன்னிப்புக் கேட்டான், ஜெபித்து முடித்துவிட்டோம் என்று எந்தச் சபையும் சொல்ல முடியாது. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனிடம் "மன்னிச்சிருங்க" என்று சபை போய் நிற்பது மனந்திரும்புதல் கணக்கில் வராது. அவன் மனந்திரும்பினானென்றால் ஸ்டேஷனுக்குப் போகட்டும்.

திசையன்விளை அண்ணாச்சி விஷயத்தை முடிக்கிறேன். தங்கைக்குப் போன் போட்டபோது அந்த அம்மா அழவும் இல்லை, ஸ்தோத்திரம் சொல்லவும் இல்லை. "தந்தா வாங்கிக்கிடுதேன். பேச்சுவார்த்தை எல்லாம் பொறவு பாப்போம்" என்றார்கள். சார்பதிவாளர் ஆபீசில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, நகலை வாங்கிக்கொண்டு மகனோடு பஸ் ஏறிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "இம்புட்டும் எழுதிக் குடுத்தும், வீட்டுக்கு வாண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

"அண்ணாச்சி, நீங்க பத்திரம்தானே எழுதினீங்க, மன்னிப்புக்கு ரசீது கேக்கலயே" என்றேன். சொத்து அந்த அம்மாவுடையது, கோபமும் அவர்களுடையதுதான். எத்தனை வருஷம் வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது, கேட்டதே இல்லை. 'மன்னித்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லட்டும்', 'கேஸை வாபஸ் வாங்கட்டும், அப்புறம் தருகிறேன்' என்று நிபந்தனை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சமரசம். சமரசமும் நல்லதுதான், லோக் அதாலத்தில் முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஆனால் அதை மனந்திரும்புதல் என்று மேடையில் சாட்சி சொல்ல வேண்டாம். பத்திரம் பதிவாகும் முன்னால் சாட்சி சொல்லவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கேட்டுக்கொண்டிருக்கும் தங்கைக்கு அது இரண்டாவது அநியாயம்.

உங்கள் ஊர் வக்கீல் யாரிடம் போனாலும், வெறுங்கையோடு போகாதீர்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்பா அம்மா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அன்றைக்கு எழுதி வாங்கிய தாள் இருந்தால் அதுவும். தங்கையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். அவர்கள் தங்களுக்கென்று வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளட்டும், அந்த ஃபீஸையும் நீங்களே கொடுங்கள்.