துவேசம்

யாழ்ப்பாணத்தில் இனவாதம் என்பது மேடைக்கும் பத்திரிகைக்கும் உரிய சொல். பஸ்ஸிலும் கச்சேரி என்கிற அரச செயலகத்து வரிசையிலும் சனம் சொல்வது துவேசம். "அவன் சரியான துவேசம் பிடிச்சவன்" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் சொல்லையும் கூடவே கொண்டுபோனார்கள். தோல் நிறத்தைப் பார்த்து ஒதுக்கினாலும் அங்கே அதே பேச்சுத்தான்: "வேலையிடத்தில துவேசம் காட்டுறாங்கள்."

மூலம் வடமொழி த்வேஷம். வெறுப்பு, பகை என்று பொருள். சமய நூல்களில் வரும் ராகத்துவேஷம் தமிழில் விருப்புவெறுப்பு. ஆக, மூலச்சொல்லில் இனம் என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் யார்மேல் துவேஷம் என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால்தான் விளங்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, காரணம் ஊரறிந்தது.

நேரான தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் வைரம். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்கிறது தொல்காப்பியம். வைரம் வெளிப்புறத்தில் இருப்பதால், அந்தக் கணக்கில் எங்கள் பனை புல்லினம்! காழ்ப்பு, மனத்துக்குள் வைரம் பாய்ந்த பகை. வெறுப்பு ஒருநாளில் வந்து போகலாம், காழ்ப்பு அப்படியல்ல. எழுத்தில் இனக்காழ்ப்பு என்று போடலாம். கொள்கையாகவும் ஆட்சிமுறையாகவும் நிற்பதற்கு இனவாதம், பெரும்பான்மையின் பலத்தோடு வரும்போது பேரினவாதம், கொலைவரை போவதற்கு இனவெறி. இவற்றை மாறி மாறிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

துவேசம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேய் பிடித்தது, பைத்தியம் பிடித்தது என்பதுபோல இதுவும் "பிடிக்கிறது". அப்படியானால் குற்றம் அந்த ஒரு மனிதனின் நெஞ்சில். அவன் பொலிஸ்காரன் என்றால், அவனை இடம் மாற்றிவிட்டால் பொலிஸ் நிலையம் சுத்தமாகிவிடும். மோசமான கதைகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. பெரிய மீசை, சிவந்த கண், வாயில் தூஷணம் என்று ஒரு சார்ஜன்ட்டை வைத்தால் போதும். வாசகர் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1974இல் வெளியிட்ட 'If Beale Street Could Talk' நாவலிலும் காழ்ப்புப் பிடித்த ஒரு வெள்ளைப் பொலிஸ்காரன் வருகிறான். நியூயோர்க்கில் ஒரு கறுப்பின இளைஞன் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகிறான். ஆனால் அந்தப் பொலிஸ்காரனைவிட நம்மை அதிகம் வதைப்பவை வேறு: கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தொலைபேசியில் பேசும் கர்ப்பிணிக் காதலி, வழக்கறிஞருக்குக் காசு தேடி அலையும் குடும்பம், தள்ளிக்கொண்டே போகும் வழக்கு. அங்கே யாரும் கத்தவேண்டியதில்லை, அமைப்பே வேலையைச் செய்கிறது.

எங்களிடமும் இதற்குச் சரக்குக் குறைவில்லை. முன்பு தமிழரின் அடையாள அட்டையில் இரண்டு மொழி, சிங்களவரின் அட்டையில் ஒன்று. சோதனைச் சாவடியில் நீட்டிய கணமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்க வழிசெய்தது. அந்த வாக்குமூலம் கையெழுத்துப் போடுபவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்தால்? புன்னகைத்தபடி பேனையை நீட்டும் ஓர் அதிகாரியை எழுதிப் பாருங்கள், அவர் தேநீர்கூட வாங்கித் தரட்டும். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோது முதலில் வந்த சொல் "விபத்து". பொலிஸ் சுட்ட காயம் பிறகுதான் தெரிந்தது. இந்த இடைவெளிக்குள் போய் நிற்கக் கதையால் முடியும்.

இன்னொன்று, துவேசம் என்ற சொல்லை நாங்கள் எங்களைப் பற்றிச் சொல்வதில்லை. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் ஆளைத் தள்ளிவைத்ததற்கு வேறு சொல் வைத்திருக்கிறோம்: சாதித்தடிப்பு. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. அன்று தடியடி பட்டவர்களும் தமிழர்தான், அவர்களை ஒதுக்கிவைத்தவர்களும் தமிழர்தான். அந்தக் காலத்து ஒடுக்குமுறையை ஈழத்து எழுத்தாளர் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினார். சிங்களப் பொலிஸ்காரனைப் பற்றிய கதைக்குக் கண் கலங்குகிறவர் அதை எப்படி வாசிக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

எழுதுபவர்களுக்கு: கட்டுரையில் இனக்காழ்ப்பு, இனவாதம் என்று பிரித்து எழுதுங்கள். கதையில் பாத்திரம் பேசும்போது துவேசம் என்றே விடுங்கள், 'ஷ' வேண்டாம். எங்கள் வாயில் அது 'ச'தான்.