ஐநூறும் ஐநூறும் சமமில்லை

"ரெண்டு பள்ளியிலும் ஐநூறு பையன்கள்தானே, அப்புறம் என்ன அநியாயம்?"

ஒஹாயோவில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு அத்லெட்டிக் டிரெயினராக, அதாவது ஆட்டத்தில் காயம் படுகிற பையன்களைக் கவனிக்கிறவராக, வேலை பார்க்கிறேன். பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றின் அட்டவணை வெளியாகி, அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் ஒரே பிரிவில் மோதும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. மற்றவர்களை விட நம் தமிழ்ப் பெற்றோர்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். போன வாரம் ஒரே ஆட்டத்தில் மூன்று பையன்களைத் தோள் கொடுத்து வெளியே கூட்டிவந்தேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி விளக்க இனி எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிக்கிறது. அதெல்லாம் தெரிந்த கதை. அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அரசுப் பள்ளியின் ஐநூறில் அந்த எல்லைக்குள் குடியிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அடக்கம். போன மாதம் வேறு நாட்டிலிருந்து வந்து இன்னும் ஆங்கிலம் பிடிபடாத பையன் அதில் ஒருவன். மணி மூன்றடித்ததும் மளிகைக் கடை வேலைக்கு ஓடுகிறவன் இன்னொருவன். அம்மா இரவு ஷிஃப்ட் போவதால் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் போயே ஆகவேண்டியவனும் இருக்கிறான். நடக்கவே உதவி தேவைப்படுகிற பிள்ளையும் இருக்கிறான். இவர்களில் யாரையும் பள்ளி வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எல்லோரும் எண்ணிக்கையில் ஏறுகிறார்கள், ஆனால் மாலைப் பயிற்சிக்கு வரமுடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பல பள்ளி மாவட்டங்களில் அணியில் சேரத் தனிக் கட்டணம் வேறு. பள்ளிச் செலவுக்கான சொத்து வரி வாக்கெடுப்பு தோற்றுவிட்டால் முதலில் கை வைப்பதும் விளையாட்டுச் செலவில்தான்.

தனியார் பள்ளியின் ஐநூறு வேறு வகை. விண்ணப்பித்து, பள்ளி பார்த்துச் சேர்த்துக்கொண்ட ஐநூறு பேர் அவர்கள். நாலு கவுண்டி தள்ளியிருந்தும் வரலாம். காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிப்போக வீட்டில் ஆள் இருக்கும் பிள்ளைகளே பெரும்பாலும் வருகிறார்கள். பள்ளியின் விளையாட்டுப் பெயருக்காகவே வருகிறவர்களும் உண்டு. 2023-ல், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு ஒஹாயோ அரசு தரும் எட்சாய்ஸ் உதவித்தொகைக்கு இருந்த வருமான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். படிப்பைப் பொறுத்தவரை அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். விளையாட்டைப் பொறுத்தவரை, தனியார் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளைகளின் வட்டம் இன்னும் பெரிதாகியிருக்கிறது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஐநூறும் ஒரே ஐநூறு ஆகாது.

இது மைதானத்தில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் தாக்குதலுக்குப் பதினொருவர், தடுப்புக்கு வேறு பதினொருவர் என்பதுதான் வழக்கம். போன வாரம் எதிரணியான தனியார் பள்ளியின் பக்கம் சீருடை அணிந்து நின்றவர்கள் எழுபது பேருக்குக் குறையாது. எங்கள் பக்கம் முப்பதுகூட இல்லை, அதிலும் பாதிப்பேர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். எங்கள் லெஃப்ட் டாக்கிள் (தாக்குதல் வரிசையில் இடப்பக்கம் நிற்பவன்) பையன் தாக்குதலிலும் நின்றான், தடுப்பிலும் நின்றான், ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃபுக்கும் ஓடினான். மூன்றாம் குவார்ட்டரில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. நான் பாதத்தை மடக்கிப் பிடித்துத் தசையைத் தளர்த்துகிறேன், அவனோ என் முகத்தையே பார்க்கவில்லை. பயிற்சியாளரைப் பார்த்து "ஐம் குட், கோச்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். தனக்குப் பதில் இறங்க ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும். 30 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டதால் இரண்டாம் பாதியில் கடிகாரம் நிற்காமல் ஓடி, ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. அதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே கருணை.

என் தொழில் சார்ந்து ஒன்று சொல்கிறேன். களைத்துப்போன பையன் தலையைக் குனிந்துகொண்டு மோதுவான். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் நான்காம் குவார்ட்டரில் உடம்பு கேட்காது. தலைக்காயத்துக்கும் கழுத்துக் காயத்துக்கும் அதைவிட மோசமான நிலை கிடையாது. கோப்பை யாருக்குப் போகிறது என்பதைவிட, பொருந்தாத ஆட்டத்தின் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்பதே என் கவலை.

அந்தத் தனியார் பள்ளிப் பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக உழைக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் எங்கள் பையன்களுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "எல்லாத் தனியார் பள்ளியும் விளையாட்டுக்கு ஆள் பிடிக்கிறது" என்று மொத்தமாகச் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் பிடிக்காமலேயே இந்த வித்தியாசம் வந்துவிடும் என்பதுதான் விஷயமே. ஆள் பிடிப்பதைச் சங்கங்கள் சும்மா விடுவதும் இல்லை, ஒரு கடிதம் பத்து வருட வழக்கான கதை உண்டு. 1997-ல் டென்னஸியில் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளர் சில எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரச்சொல்லி எழுதினார். மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதமும், இரண்டு வருடம் பிளேஆஃப் தடையும் விதித்தது. வழக்கு 2001-லும் 2007-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007-ல் சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இந்த அரசு-தனியார் வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதில் மாநிலங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டெக்சஸில் 1910-ல் தொடங்கிய யூஐஎல் என்ற பள்ளிப் போட்டிச் சங்கம் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளுக்கானது, தனியார் பள்ளிகளுக்கு வேறு சங்கம் இருக்கிறது. டென்னஸி 1997-லேயே, கல்விக் கட்டணத்துக்கு உதவி தரும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவாக்கியது. இல்லினாய்ஸ் 2005-ல் சேர்க்கைக்குக் குடியிருப்பு எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிப் பிரிவு பிரிக்க முடிவு செய்தது. இண்டியானா 2012-ல் வேறு வழி எடுத்தது. அரசோ தனியாரோ, தொடர்ந்து ஜெயிக்கிற அணி மேல் பிரிவுக்குப் போகவேண்டும். எங்கள் ஒஹாயோவில் 2011, 2012, 2013 என்று மூன்று முறை இதற்கான விதி மாற்றம் வாக்கெடுப்பில் தோற்று, 2014-ல்தான் ஜெயித்தது. 2017-18-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அணியில் வெளியிலிருந்து வந்த வீரர்களைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பள்ளியின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் போதாது.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது மினசோட்டா செய்தது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகளின் எண்ணிக்கையில் 40 சதவீதத்தை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் பிரிவைத் தீர்மானித்தார்கள். வறுமை மாலைப் பயிற்சியைத் தின்கிறது என்பதை அந்தக் கணக்கு நேரடியாக ஒப்புக்கொள்கிறது. இல்லினாய்ஸ் மாதிரி வெறும் பெருக்கலில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்பது பிள்ளைகளோடு தட்டுத்தடுமாறி நடக்கும் சின்ன மதப் பள்ளியும், மாநிலம் முழுக்கப் பெயர்பெற்ற பெரிய பள்ளியும் அதில் ஒரே அடி வாங்கும். அரசுப் பள்ளியிலும் எல்லோரும் ஏழைகள் இல்லை. வசதியான புறநகர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்தால் கல்லூரி என்றே நினைப்பீர்கள். 'தனியார்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து விதி போட்டால் பாதிப் பிரச்சினை அப்படியே கிடக்கும்.

சரி, பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

விளையாட்டுக்காகப் பள்ளி மாற்றப் போகிறீர்களா? முதலில் தற்போதைய பள்ளியின் அத்லெட்டிக் டைரக்டரிடம் போங்கள். வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் சில மாநிலங்களில் ஒரு வருடம் முழுக்க விளையாடாமல் உட்கார வேண்டியிருக்கும். ஒஹாயோவில் பொதுவாகப் பருவத்தின் பின்பாதியும் பிளேஆஃபும் போய்விடும். "கோச் சொன்னார், பார்த்துக்கலாம்" என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். விளையாடத் தகுதி உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள்.

புதுப் பள்ளியின் பயிற்சியாளர் தானாக உங்களுக்கு மெசேஜ் அனுப்பினால் பதில் போடாதீர்கள். சேர்க்கை அலுவலகத்தோடு மட்டும் பேசுங்கள். விளையாட்டுத் திறமைக்காகக் கட்டணத்தைக் குறைப்பதாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது விதிமீறல், மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளை.

இன்னொரு வேலையையும் விட்டுவிடுங்கள்: நல்ல அரசுப் பள்ளி எல்லைக்குள் ஒரு அபார்ட்மெண்டை வாடகைக்கு எடுத்து, மின்கட்டண ரசீதை மட்டும் காட்டுவது. நம்மவர்களிடமே இதைப் பார்க்கிறேன். தகுதியில்லாத ஒருவன் இறங்கியதாகத் தெரிந்தால் அணி ஜெயித்த ஆட்டங்கள் எல்லாம் பறிபோகும். ஒரு தவறும் செய்யாத மற்றப் பையன்களின் முகத்தை உங்கள் மகன் தினமும் பார்க்க வேண்டும்.

பிள்ளை ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, தலை சுற்றுகிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றால் அன்றைக்கு அவன் மீண்டும் இறங்கக் கூடாது. மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விளையாடவும் முடியாது. எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. "பிளேஆஃப், இன்னும் ஒரு குவார்ட்டர்தான்" என்று என்னிடம் கெஞ்சாதீர்கள். தயவுசெய்து.

ஆள் குறைவான அணியில் உங்கள் மகன் இரண்டு பக்கமும் விளையாடுகிறானா? ஆட்டத்துக்கு ஆட்டம் எத்தனை நிமிடம் நிற்கிறான் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்த வாரம் எதிரணி யார் என்பது அட்டவணையில் இருக்கும், முன்கூட்டியே ஜூனியர் பையன்களைத் தயார் செய்யச் சொல்லுங்கள்.

ஒஹாயோவில் இந்தப் பிரிவு விதிகளை மாற்றுவது பள்ளி முதல்வர்களின் வாக்கு. வாக்கெடுப்பு மே மாதத்தில் நடக்கும். பிளேஆஃப் தோல்விக்கு மறுநாள் வாட்ஸாப் குழுவில் கொட்டுகிற கோபத்தில் பாதியையாவது ஏப்ரலில் முதல்வருக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். எந்தத் திருத்தத்துக்கு எப்படி வாக்களிக்கப் போகிறார், ஏன் என்று கேளுங்கள்.