பசுமை வைப்பில் பணம் போடும் முன்

வேலூரில் பட்டயக் கணக்காளராக இருக்கிறேன். ஓய்வூதியப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டு வருகிறவர்கள் சிலர் இப்போது ‘பசுமை வைப்பு’ விளம்பரத்தையும் கையோடு கொண்டு வருகிறார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்ல திட்டங்களுக்குக் கடன் தருவதாகச் சொல்லி வங்கி வாங்கும் வைப்பு அது. இலைப் படம், சோலார் தகடு, பூமியைக் காப்போம் என்று ஒரு வரி. “போடலாமா சார்?” என்கிறார்கள். தாராளமாகப் போடலாம். அந்த வரியை மட்டும் நம்பிப் போட வேண்டாம் என்கிறேன்.

ரிசர்வ் வங்கி இதற்கு 2023 ஏப்ரலில் விதிமுறை வெளியிட்டது; அதே ஆண்டு ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. திரட்டிய பணம் சூரிய மின்சாரம், நீர் மேலாண்மை, மாசுத் தடுப்பு போன்றவற்றுக்குப் போக வேண்டும். நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள், மது, புகையிலை, ஆயுதம், அணு மின்சாரம், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம் ஆகியவற்றுக்குப் போகக் கூடாது. பணம் போன இடத்தை ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அவர் சரிபார்த்துவிட்டார் என்பதால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

சரி, பணம் அப்படிப் போகாவிட்டால்? அபராதம் இல்லை, மேற்பார்வை ஆய்வுக்கு உட்படும் என்பதுதான் ரிசர்வ் வங்கி தந்த விளக்கம். போட்டவருக்குச் சொன்ன வட்டி வந்துவிடும். 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடும் வழக்கம்போல உண்டு. கைக்கு நட்டம் தெரியாததால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இதுதான் எனக்குக் கவலை. நல்ல காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணம் வேறு எங்கோ போனால், வட்டி சரியாக வந்தாலும் அது ஏமாற்றுதான்.

மியூச்சுவல் ஃபண்ட் பக்கம், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் பிடி இன்னும் இறுக்கம். ஈஎஸ்ஜி ஃபண்ட், அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக நேர்மை பார்த்து முதலீடு செய்வதாகச் சொல்லும் ஃபண்ட், தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை, தான் சொன்ன வழிமுறைக்கு ஏற்ற பங்குகளில் போட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனங்கள். அவை இந்த அறிக்கைக்குள் வருவதில்லை. அவர்களிடம் சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் தன் சப்ளையர்களின் மாசுக் கணக்கைச் சொல்வதும் இப்போது விருப்பத்தைப் பொறுத்ததுதான். ஆகவே அந்தப் பெரிய நிறுவனத்துக்கு நல்ல ஈஎஸ்ஜி மதிப்பெண் கிடைத்திருக்கலாம். பாலாற்றில் இறங்கிய கழிவு அந்த மதிப்பெண்ணில் இல்லாமலே போயிருக்கலாம்.

மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது நம் வேலூர் தோல் கழிவு வழக்கில்தான். இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதாக ஓர் ஆய்வைக் காட்டி அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் அதே பிரச்சினைக்காக நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனையும் பட்ட ஊர், ஒரு முத்திரையைப் பார்த்ததும் திருப்தியாகிவிடக் கூடாது.

பாதி உண்மையும் தவறுதான். 2022இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு எச்எஸ்பிசி வங்கியின் இரண்டு விளம்பரங்களுக்குத் தடை போட்டது. மரம் நடுவதைச் சொன்ன வங்கி, கரியமில வாயுவை வெளியிடும் தொழில்களுக்குத் தான் தரும் கடனைச் சொல்லவில்லை என்பது காரணம். இந்தியாவிலும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய்களுக்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆதாரம் காட்டாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கிளைக்குப் போனால் பசுமை வைப்புக் கொள்கையையும், கடைசி ஆண்டின் சரிபார்ப்பு அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் வங்கியின் இணையதளத்தில் இருக்க வேண்டியவை. பணம் எந்தத் துறைக்கு எவ்வளவு போனது, எவ்வளவு இன்னும் சும்மா கிடக்கிறது என்று அதில் பாருங்கள். சாதாரண வைப்பின் வட்டியோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விற்பனை முகவர்களுக்கும் ஒன்று: கமிஷன் வாங்கிக்கொண்டு ஃபண்ட் விற்பவர், அந்த ஃபண்டின் அறிக்கையைத் தான் படிக்காமல் வாடிக்கையாளரிடம் ‘பசுமை’ என்று சொல்வது நேர்மையில்லை.

வங்கி மீது குறை இருந்தால் முதலில் அங்கேயே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. ஃபண்ட் பற்றிய புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. விளம்பரமே பொய் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.