தெளிந்த ஆறு மட்டும் ஃபியோவுக்குப் போதாது

ஆற்றோரம் நடக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறதே, இங்கே பறவைக்கு என்ன குறை?" நியூசிலாந்தின் மலையாறுகளில் பொறி வைப்பதும் வாத்து எண்ணுவதும் என் வேலை. முதுகில் மூட்டையோடு நின்று முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபியோ இந்த மலையாறுகளில் வாழும் ஒரு வாத்து. பெயர் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் வைத்தது. ஆண் பறவை 'ஃபீ...யோ' என்று விசிலடிக்கும். அந்தக் குரலே பெயராகிவிட்டது. பெண்ணுக்கு விசில் கிடையாது, கரகரவென்று ஓர் உறுமல்தான். நீல வாத்து என்றும் சொல்வார்கள். இந்த நாட்டின் பத்து டாலர் நோட்டில் இதன் படம் இருக்கிறது. எல்லார் பர்சிலும் இருக்கிற பறவைதான், ஆனால் உயிரோடு இருப்பவை 3,000-க்கும் குறைவு.

வேகமாக ஓடும் ஆற்றிலேயே வருடம் முழுக்கக் குடியிருக்கும் வாத்து இனங்கள் உலகிலேயே மிகச் சில. அதில் இது ஒன்று. ஏரிக்குப் போகாது, குளத்துக்குப் போகாது. ஒரு ஜோடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆற்றைத் தனதாக வைத்துக்கொண்டு, வேற்று ஃபியோ வந்தால் விரட்டி அடிக்கும். பக்கத்தில் பார்த்தால் அலகுதான் முதலில் கண்ணில் படும். வெளிர் நிறம், நுனியில் இரண்டு பக்கமும் கறுப்பாக, ரப்பர் போல மெத்தென்ற மடல். பாறையில் ஒட்டியிருக்கும் நீர்ப்பூச்சிப் புழுக்களைச் சுரண்டித் தின்னும்போது அலகு தேயாமல் காப்பது அந்த மடல்தான். குஞ்சுகளுக்கோ உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளில், நான் இடுப்பளவு இறங்கவே பயப்படும் நீரோட்டத்தில் அவை சாதாரணமாக எதிர்நீச்சல் போடும்.

சரி, இவ்வளவு தேர்ந்த பறவைக்கு என்ன ஆபத்து? ஆபத்து ஆற்றில் இல்லை, கரையில் இருக்கிறது.

ஆகஸ்ட் வாக்கில் பெண் பறவை கூடு தேடும். பாறை இடுக்கு, வெள்ளம் ஒதுக்கிய மரக்கட்டைக் குவியல், கரைப் புதரின் அடி, எல்லாமே தரையில். ஐந்தாறு முட்டையிட்டு, சுமார் 35 நாள் அவளே தனியாக அடைகாப்பாள். ஆண் பக்கத்தில் காவல் இருக்கும். ஆபத்து வந்தால் அவள் அசையாமல் பதுங்கிக்கொள்வாள். வானத்திலிருந்து கண்ணால் தேடும் பருந்திடம் அந்தத் தந்திரம் பலிக்கும். வௌவால்களைத் தவிர வேறு தரைப் பாலூட்டியே இல்லாத நாட்டில் உருவான பறவைக்கு அதுவே போதுமாக இருந்தது. 1880-களில் முயல் தொல்லையை ஒழிக்கவென்று ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரி போல நீண்ட உடம்பு, ஆனால் கீரியைவிடச் சிறியது. மோப்பம் பிடித்து வரும், மரம் ஏறும், நீந்தும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாய்ப்பறவை அதற்குக் கையில் கொடுத்த இரை.

ஒரு அக்டோபரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆற்று நடுவில் ஒரு கல்லின் மேல் ஆண் ஃபியோ விசிலடித்துக்கொண்டே இருந்தது. பதில் உறுமல் வரவில்லை. மறுநாளும் அதே கல், அதே விசில். கரையில் தேடியபோது கட்டைக்கு அடியில் கூடு கிடைத்தது. பஞ்சு போன்ற தூவி சிதறியிருந்தது, முட்டை ஓடுகளில் பல்தடம், ஓரமாக ஒரு சிறகு. ஒரே இரவில் தாயும் அந்த வருடத்துக் குஞ்சுகளும் போய்விட்டன. இப்படிப் பெண்களே அதிகம் சாவதால்தான், காவல் இல்லாத ஆறுகளில் ஆண்கள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. வழிப்போக்கர் கண்ணுக்கு அங்கே வாத்து இருக்கும். ஆனால் அந்த ஆற்றில் இனப்பெருக்கம் நின்றுபோயிருக்கும்.

அதனால்தான் மரப்பெட்டிக்குள் வைத்த பொறிகளை ஆற்றின் இரு கரையிலும் வரிசையாக வைக்கிறோம். முட்டையோ உப்பிட்ட முயல் இறைச்சியோ உள்ளே இரை. வைத்தால் மட்டும் போதாது. இரை அழுகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், எலி விழுந்து பொறியை அடைத்துக்கொள்ளும். ஒரு வருடம் வெள்ளத்தில் பாதை சரிந்து இரண்டு மாதம் எங்களால் ஒரு வரிசைக்குப் போக முடியவில்லை. அந்தப் பருவத்தில் அந்தப் பகுதியில் ஒரு குஞ்சுகூட இறக்கை முளைத்துப் பறக்கவில்லை. அந்த இரண்டு மாதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பீச் (beech) என்ற காட்டு மரங்கள் கொத்துக் கொத்தாக விதை கொட்டும் வருடங்கள் இன்னும் மோசம். விதையைத் தின்று எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும். அப்போது பொறி மட்டும் தாங்காது. ஹெலிகாப்டரிலிருந்து 1080 என்ற விஷ இரையைத் தூவுகிறார்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஸ்டோட்டும் சாகிறது. இதற்கு நாட்டில் கடும் எதிர்ப்பு உண்டு, எதிர்ப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் காலியான கூடுகளைக் குனிந்து பார்த்தவன் என்ற முறையில், எட்ட முடியாத பள்ளத்தாக்குகளுக்கு இதைவிட நல்ல வழி இன்று நம்மிடம் இல்லை என்றே சொல்வேன்.

காட்டுக் கூடுகளிலிருந்து முட்டையை எடுத்துக் காப்பகத்தில் பொரித்து வளர்க்கும் வேலையும் நடக்கிறது. வடக்குத் தீவிலுள்ள டுராங்கி என்ற ஊரில், விடுவதற்கு முன் இளம் பறவைகளை ஓடும் நீரில் பழக்குகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் விடப்போகும் ஆற்றங்கரையில் பொறி இல்லையென்றால் அத்தனை உழைப்பும் ஸ்டோட்டுக்குத்தான் போகும்.

ஆற்றுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. நாயைக் கட்டிக் கூட்டி வாருங்கள். கோடை முடிவில் இறகு உதிர்க்கும் ஃபியோவால் பறக்க முடியாது. வழியில் மரப்பெட்டி தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணியையும் படகையும் கழுவிக் காயவையுங்கள். 2004-ல் தெற்குத் தீவில் கண்டறியப்பட்ட டிடிமோ பாசி அப்படித்தான் பரவுகிறது, பூச்சிகள் வாழும் பாறைகளைப் போர்த்திவிடுகிறது. குஞ்சுகளோடு ஒரு ஜோடியைப் பார்த்தால் தள்ளி நின்று எண்ணுங்கள். தேதி, இடம், எத்தனை பெரியவை, எத்தனை குஞ்சு என்று இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், உறுமல் கேட்டதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.