ஒரே வளவு, தனித்தனி மீட்டர்

செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பது’ வழக்கம். வளவு, அதாவது வீடு, ஒன்று; அடுப்பும் கணக்கும் தனி. மின்சாரத்தை வேறு வைக்கும், அதாவது ஒவ்வொரு பகுதியின் செலவையும் தனியே அளக்கும் கருவிதான் சப் மீட்டர். நியூயார்க் நகரம் 88ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தால் இதைக் கட்டாயமாக்கியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் விளக்குகளைச் சிக்கனமாக்கி, பெரிய வணிக வாடகைப் பகுதிகளுக்கு சப் மீட்டர் பொருத்த 2025 ஜனவரி 1 வரை கெடு தந்தது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டாலும் இதே இரண்டு வேலைதான்.

விளக்கு வேலை சுலபம். 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் பட்டாலையில் (கூடத்தில்) பத்து 60 வாட் குண்டு பல்பு எரிந்தால் சதுர மீட்டருக்கு ஆறரை வாட். 9 வாட் எல்இடி போட்டால் ஒரு வாட்டுக்குள் அடங்கும், வெளிச்சம் குறையாது. முட்டைச் சாந்துச் சுவர் ஒளியைத் திருப்பித் தரும், தேக்கு மச்சு (மேற்கூரை) விழுங்கிவிடும். விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால் பல்பு மேல் பழி போடவேண்டாம். பழைய வயரிங்கில் சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் இருக்கக்கூடும். அது ஆபத்தும்கூட: அணைத்த ஹோல்டரிலும் ஷாக் அடிக்கும்.

மீட்டரில்தான் தலைவலி. ஒரு மீட்டரின் ஃபேஸில் போன கரண்ட் அதே மீட்டரின் நியூட்ரலில் திரும்ப வேண்டும். மரக் கேசிங்குக்குள் ஓடும் பழைய வயரிங்கிலோ வீடு முழுக்க ஒரே நியூட்ரல். அண்ணன் வீட்டு ஃபேனின் கரண்ட் தம்பி மீட்டர் வழியாகத் திரும்பும். திருட்டைத் தடுக்க, இன்றைய மீட்டர்கள் பலவும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். விளைவு, ஒரே ஃபேனுக்கு இரண்டு பேர் பணம் கட்டுவார்கள். மீட்டரில் எர்த் விளக்கு எரிவதும், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுவதும் இதன் அடையாளம்.

மெயினையும் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து, இரண்டு மீட்டரிலிருந்தும் வீட்டுக்குள் போகும் நியூட்ரலைக் கழற்றி, அவற்றுக்கு இடையே மல்டிமீட்டரை பீப் (கண்டின்யூட்டி) நிலையில் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ ஒட்டியிருக்கிறது. ஜங்ஷன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிரிக்கவேண்டும். இரு பகுதிக்கும் பொதுவான இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒரு பகுதியைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கினால் சப் மீட்டர் போதாது. மின்வாரியத்தில் வணிகக் கட்டண இணைப்பு வாங்கவேண்டும்.

பிரித்த பிறகு ஒரு பகுதியில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். யூனிட்டுக்கு 3,200 துடிப்பு உள்ள மீட்டர் நிமிடத்துக்கு 53 முறை சிமிட்டவேண்டும். பெட்டி சூடேறியதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும், முதல் நிமிடத்திலேயே எண்ணிவிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்து மீட்டர் அசையக்கூடாது.