ஓவர்டைம் – மிகைநேரம்: சொல் விளக்கம்

ஆலையிலும் பஸ் டிப்போவிலும் ‘ஓ.டி. பார்க்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் விளக்கம் கேட்க யாரும் நிற்பதில்லை. ஓவர்டைம் என்பதன் சுருக்கமான ஓ.டி. தமிழில் அவ்வளவு தூரம் ஊறிவிட்டது. வரையறுத்த வேலைநேரம் முடிந்த பிறகும் தொடர்ந்து செய்யும் வேலை, அதற்குக் கிடைக்கும் கூலி, இந்த இரண்டையும் அது குறிக்கும். ‘இந்த வாரம் ஓ.டி. உண்டு’ என்றால் வேலை, ‘ஓ.டி. இன்னும் வரவில்லை’ என்றால் பணம்.

ஆங்கிலத்தில் இது பழைய சொல், பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே வழங்குவது. ‘மேல்’ என்ற முன்னொட்டும் ‘நேரம்’ என்ற சொல்லும் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் தொழிலாளி இன்று அறிந்திருக்கும் பொருள் அதற்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. எதற்கு மேல் என்று சொல்ல ஓர் எல்லை வேண்டும். முதலாளி விளக்கை அணைக்கும்வரை வேலை என்றிருந்த ஆலையில் எந்த மணித்துளியும் கூடுதல் ஆகாது. முதலில் எல்லைக்கோடு வந்தாக வேண்டும். அதன் பிறகே அதைத் தாண்டுவதற்கு விலை கேட்க முடியும். அந்தக் கோட்டைப் போட வைத்தவை தொழிற்சங்கங்கள். ஆகவே இந்தச் சொல்லின் பொருள் வரலாறு அவற்றின் வரலாறும்தான்.

சென்னையில் அது பத்து நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. அங்கே மதிய இடைவேளை அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் எந்திரத்தை விட்டு வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி கதவுக்குள் போய்விட வேண்டும். தொழிலாளர்களின் இந்தக் குறையைச் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி.வாடியாவிடம் கொண்டு சென்றார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இடைவேளை நாற்பது நிமிடம் ஆனது சங்கத்தின் தொடக்கக் கால வெற்றிகளில் ஒன்று. பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு ஓடுவதற்கும் உட்கார்ந்து உண்பதற்கும் உள்ள தூரம் அது. அந்த ஆலைகளில் நிர்வாகம் முடிவு செய்த நேரத்தைத் தொழிலாளர்கள் கூடி மாற்றியதாக என் மனத்தில் பெரிதாக நிற்பது அதுவே.

அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். 1920இல் கதவடைப்பு வந்தது. சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. கூடிப் பேசுவதும் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதும் குற்றமாகப் பார்க்கப்பட்ட அந்தச் சூழலில்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

வேலைநேரத்தின் எல்லை படிப்படியாக இறங்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்றது. 1922இல் நாளுக்கு 11, வாரத்துக்கு 60. 1934இல் 10, 54. 1946இல் 9, 48. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அந்த 9, 48 என்ற அளவை அப்படியே வைத்துக்கொண்டது. அதன் 59ஆம் பிரிவு ஓவர்டைமுக்குக் கொடுத்த பொருள் தெளிவானது: நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு வழக்கமான ஊதிய விகிதத்தில் இரு மடங்கு. இந்த இரு மடங்கைப் பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது வேலி. ஒருவரைக் கூடுதலாக வாட்டுவதைவிட இன்னொருவரை வேலைக்கு எடுப்பது மலிவாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அரசு அலுவலகத் தமிழில் ‘மிகைநேரப் பணி’, ‘மிகைநேர ஊதியம்’ என்பவை வழங்குகின்றன. நாளிதழ்கள் ‘கூடுதல் நேரப் பணி’ என்கின்றன. இலங்கையில் ‘மேலதிக நேரம்’, ‘மேலதிக நேரக் கொடுப்பனவு’. மூன்றும் புரியக்கூடியவை, மூன்றும் பிழையில்லாதவை. ‘மேலதிகம்’ என்பதில் மேல், அதிகம் என இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளைச் சொல்கின்றன என்றாலும் இலங்கை வழக்கில் அது நிலைத்துவிட்ட சொல். அங்கே அதை மாற்றச் சொல்வது தேவையற்ற வேலை.

தமிழ்நாட்டுக்கு என் தேர்வு மிகைநேரம். தொகு–தொகை, வகு–வகை போல மிகு என்ற வினையடியிலிருந்து பிறந்தது மிகை. ‘கூடுதல்’ என்பதில் நல்லதும் அடங்கும். கூடுதல் மதிப்பெண், கூடுதல் வசதி என்கிறோம். ‘மிகை’ அளவு மீறியதைச் சுட்டும். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. பிறப்பை அறுக்க முனைந்தவர்க்கு ‘உடம்பும் மிகை’ என்கிறது குறள். வேண்டிய அளவுக்கு மேற்பட்டது, சுமையாவது என்ற பொருள் அங்கே. சட்டம் ஓவர்டைமைப் பார்ப்பதும் இப்படித்தான்: தவிர்க்க முடியாதபோது மட்டும் அனுமதிக்க வேண்டிய மீறலாக. ‘மிச்சநேரம்’ என்று சிலர் எழுதுவதை மட்டும் ஏற்க முடியாது. மிச்சம் என்றால் செலவாகாமல் நிற்பது. இதுவோ தொழிலாளியின் ஓய்விலிருந்தும் உறக்கத்திலிருந்தும் எடுத்துச் செலவழிப்பது.

சொல்லை எடுத்துவிட்டால் உரிமையும் மறைந்துபோகும் என்பதைத் திருப்பூரின் ‘ஒன்றரை ஷிப்ட்’ காட்டுகிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்று பனியன் கம்பெனிகளில் கணக்கிடுவார்கள். கேட்பதற்கு இயல்பாக இருக்கிறது, அதில் ஓ.டி. என்ற பேச்சே இல்லை. ஒரு ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 ரூபாய். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் 72 மணி நேரம். ஒற்றை விகிதத்தில் கணக்கிட்டால் 5,400 ரூபாய். 59ஆம் பிரிவின்படி 48 மணிக்கு 3,600, மீதி 24 மணிக்கு இரு மடங்காக இன்னொரு 3,600, ஆக 7,200. ஒற்றை விகிதத்தில் கூலி பெறுபவரிடமிருந்து வாரந்தோறும் 1,800 ரூபாய் ஓசையில்லாமல் கழிகிறது. பணம் ஒருபுறம் இருக்க, மிகைநேரத்துக்கு அந்தச் சட்டம் வைத்த பொது வரம்பு மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம். வாரம் 24 மணி என்றால் மூன்றாவது வாரத்திலேயே அது தாண்டப்பட்டுவிடுகிறது.

இதைத் தனியாளாகக் கேட்பவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்ற பதிலைக் கேட்க நேரலாம். சங்கம் கேட்கும்போது கேள்விக்கு முகம் மாறுகிறது. வருகைப் பதிவேட்டையும் ஊதியச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கைச் சரிபார்ப்பது, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் இரட்டிப்பாக்கிப் படிகளை விட்டுவிடும் தந்திரத்தைக் கண்டுபிடிப்பது, தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதுவது, தொழிலாளர் நீதிமன்றம்வரை வழக்கைத் தாங்குவது ஆகியவை வெளிச்சத்துக்கு வராத அன்றாட வேலைகள். சங்கம் என்றாலே வேலைநிறுத்தம் என்று நினைப்பவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெரிய அளவிலும் இதே காவல் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கைக் காரணம் காட்டி, குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு ஒற்றை விகிதம் போதும் என்றது. குஜராத் மஸ்தூர் சபா என்ற சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த அறிவிக்கையைத் தொடர்ந்த நீட்டிப்போடு சேர்த்து ரத்து செய்தது. அறிவிக்கை நடப்பிலிருந்த காலத்தில் உழைத்தவர்களுக்கு 59ஆம் பிரிவின்படி மிகைநேர ஊதியம் தரவும் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்த மசோதாவும் 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் எதிர்த்தன. ஆளும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று சங்கங்களுடன் பேச்சு நடந்த பின் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இரு மடங்கு என்ற விதியை வைத்திருக்கிறது. தொழிலாளியின் ஒப்புதலோடுதான் மிகைநேரப் பணி வாங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அதில் ‘ஊதியம்’ என்பதற்கான இலக்கணம் மாறியிருப்பதால், எதன் இரு மடங்கு என்பதைச் சங்கங்கள் புதிதாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்தில் பயன்படுத்துவோருக்கு: நேரத்தைக் குறிக்க மிகைநேரம், வேலையைக் குறிக்க மிகைநேரப் பணி, பணத்தைக் குறிக்க மிகைநேர ஊதியம் என மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ஓ.டி. போல ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டால் எத்தனை மணி, எவ்வளவு ரூபாய் என்பது குழம்பும். ஊதியச் சீட்டில் மணிக்கணக்குக்கு ஒரு கட்டம், விகிதத்துக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருக்கட்டும்.